சிரிப்புத் தொடரும் சீதன வீடும்: கல்முனைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் ஆண் பெண் பங்கு மாற்றம்

1952ஆம் ஆண்டு செப்டெம்பர் 15ஆம் நாள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'ஐ லவ் லூசி' என்னும் நகைச்சுவைத் தொடரின் அங்கமொன்று ஒளிபரப்பாயிற்று. பணத்தை வீண் செலவு செய்கிறாள் என்று மனைவியைக் கடிந்த கணவனுக்கும், வீட்டுவேலையின் அருமை உனக்குத் தெரியுமா என்று கேட்ட மனைவிக்கும் இடையில் எழுந்த பிணக்கு ஒரு பந்தயமாக முடிகிறது. ஒரு வாரம் மனைவியர் இருவர் வேலைக்குப் போவர். கணவர் இருவர் வீட்டைப் பார்ப்பர். மனைவியர் சொக்கலேற் தொழிற்சாலையொன்றிற் சேர்ந்து, ஓடும் பட்டியின் வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாமல் இனிப்புகளை வாயிலும் சட்டைக்குள்ளும் தொப்பிக்குள்ளும் திணிக்கின்றனர். வீட்டிலோ, ஆளுக்கோர் இறாத்தல் என்று கணக்கிட்டுக் கணவன் உலையில் இட்ட அரிசி பொங்கிப் பெருகிச் சமையலறை நிலமெங்கும் வழிகிறது. இரு தரப்பினரும் தோல்வியை ஒப்புக்கொள்ள, உலகம் பழைய ஒழுங்குக்குத் திரும்புகிறது. கணவர் தம் நன்றிக்கு அடையாளமாக மனைவியருக்குப் பெட்டி நிறையச் சொக்கலேற் வாங்கிக் கொடுப்பதே இறுதிச் சிரிப்பு.

உலகெங்கும் மீண்டும் மீண்டும் காட்டப்பட்ட இவ்வங்கம், பின்னர் வந்த பல தொடர்களுக்கு இலக்கண நூல் போன்று அமைந்தது எனலாம். ஆண் பெண் பங்குகள் தலைகீழாக வேண்டும். அதனாற் குழப்பம் விளைய வேண்டும். அரை மணி நேரம் முடிவதற்குள் எல்லாம் நேராக வேண்டும். தலைகீழாதல் தற்காலிகமானது என்ற உறுதியே பார்வையாளனைச் சிரிக்க அனுமதிக்கிறது. திரையில் வேலைக்குத் தகுதியற்றவளாகத் தோன்றிய லூசில் பால், திரைக்கு வெளியே அத்தொடரைத் தயாரித்த டெசிலு நிறுவனத்தின் பங்காளியாக இருந்தார் என்பதும், 1962இல் தம் முன்னாட் கணவரின் பங்கையும் வாங்கி அந்நிறுவனத்தின் தலைமையை ஏற்றார் என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கன. தொழிற்சாலைப் பட்டியின் முன் தடுமாறிய பெண்ணே உண்மையில் அத்தொழிற்சாலையின் உரிமையாளராக இருந்தார்.

1970 முதல் 1977 வரை ஒளிபரப்பான 'மேரி டைலர் மூர் ஷோ' இவ்விலக்கணத்தைச் சிறிது மீறிற்று. மணமாகாத பெண்ணொருத்தி செய்திப் பிரிவொன்றில் வேலை பார்ப்பதே அதன் கதை. தனக்கு முன் அதே பணியைச் செய்த ஆணுக்கு வாரமொன்றுக்கு 50 டொலர் கூடுதலாகக் கொடுக்கப்பட்டது என்பதை அவள் ஓர் அங்கத்திற் கண்டுபிடிக்கிறாள். அவனுக்குக் குடும்பம் இருந்தது என்பதே மேலதிகாரியின் விடை. குடும்பம் உடையவன் ஆண், குடும்பத்தில் இருப்பவள் பெண் என்ற கருத்து இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லப்பட்டமை அக்காலத்துக்குப் புதுமை. 1984 முதல் 1992 வரை நடைபெற்ற 'ஹூ இஸ் த பொஸ்?' தொடரில் வீட்டுவேலைக்கு அமர்த்தப்படுபவன் ஆண்; ஊதியம் கொடுப்பவள் விளம்பர நிறுவனமொன்றின் அதிகாரியான பெண். வீட்டுக்குத் தலைவர் யார் என்ற தலைப்பு வினாவுக்கு எட்டாண்டுகளாகியும் விடை சொல்லாமலே அத்தொடர் முடிந்தது. விடை சொல்லிவிட்டால் சிரிப்பு நின்றுவிடும் என்பது தயாரித்தோருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தியத் துணைக்கண்டத்திலும் இவ்வழி வந்த தொடர்கள் உண்டு. 1994இல் தூர்தர்ஷனில் தொடங்கிய 'ஸ்ரீமான் ஸ்ரீமதி'யில் மனைவி திரைப்பட நடிகை. கணவன் வீட்டிலிருந்து வேலைகளைக் கவனிப்பவன். அவனைக் கண்ட மாத்திரத்தே சிரிப்பெழும் வண்ணம் அப்பாத்திரம் வார்க்கப்பட்டிருந்தது. தமிழ் நாட்டிலே இப்பாத்திரத்துக்குத் தொலைக்காட்சி வருமுன்னரே ஒரு பெயர் இருந்தது. 'வீட்டோடு மாப்பிள்ளை' என்பதே அது. மனைவியின் வீட்டில் உண்டு உறங்குபவன், மாமனாரின் பணத்தில் வாழ்பவன், மானமில்லாதவன் என்ற பொருளெல்லாம் அத்தொடருள் அடங்கும். மேடை நாடகமும் திரைப்படமும் இவனைக் கேலி செய்து சலித்ததில்லை. 2001இல் அப்பெயரிலேயே திரைப்படமொன்றும் வெளிவந்தது.

கல்முனைக் கரையில் இக்கேலி செல்லுபடியாகாது. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தெற்கு நோக்கித் தொடரும் முஸ்லிம் ஊர்களில் மணமான ஆண்மகன் ஒவ்வொருவனும் வீட்டோடு மாப்பிள்ளையே. பெண் பிறந்த வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளையே பெண் வீட்டுக்கு வருகிறான். மூத்த மகளுக்குத் தாய் வீட்டையே கொடுத்துப் பெற்றோர் அதே வளவிலோ அயலிலோ மற்றொரு வீடு கட்டிப் போவதும், அடுத்த மகளுக்கு அவ்வீட்டையும் கொடுத்து மீண்டும் பெயர்வதும் வழக்கம். கடைசி மகளின் திருமணத்துக்குப் பின் வாப்பாவும் உம்மாவும் ஒரு மூலையில் ஒதுங்குவதைக் காண்பது அரிதன்று. சகோதரிகளுக்கு வீடு அமைத்துக் கொடுக்கும்வரை சகோதரர் தம் திருமணத்தைத் தள்ளிவைப்பதும் இவ்வொழுங்கின் ஒரு கூறே. இதன் விளைவாக உம்மா, ராத்தா, தங்கச்சி, அவர்தம் பெண்மக்கள் யாவரும் அடுத்தடுத்த வேலிகளுக்குள் வாழ்கின்றனர். வேற்றாள் என்று அவ்வளவில் இருப்பவன் கணவன் ஒருவனே. எல்லாரும் அவ்வாறு இருக்கும் ஊரில் எவனைப் பார்த்து எவன் நகைப்பது?

இவ்வழக்கம் முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதன்று. மட்டக்களப்பு நாட்டுத் தமிழரிடையேயும் தாய்வழிக் குடிமுறையும் பெண்வழி வதிவும் நெடுங்காலமாக உள்ளன. திமிலரோடு நிகழ்ந்த போரில் முக்குவருக்குப் பட்டாணியர் துணை நின்றனர் என்றும், அதற்குக் கைம்மாறாகப் பெண் கொடுக்கப்பட்டதனால் முஸ்லிம்களிடையே குடிமுறை வேரூன்றிற்று என்றும் வாய்வழி மரபு கூறும். இக்கதை முழுவதும் வரலாறாகாது; எனினும் இரு சமூகத்தவரும் ஒரே உறவுமுறை அமைப்பைப் பகிர்ந்துகொண்டமைக்கு மக்கள் தாமே கண்ட விளக்கம் என்ற அளவில் அது மதிக்கத்தக்கது. மலையாளக் கரையின் மாப்பிள்ளைமாரிடையே தாய்வழித் தறவாடுகள் இருந்தமையும், காயல்பட்டினத்திற் பெண்மக்களுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் நிலவுவதும் வங்கக் கடலையும் அரபிக் கடலையும் இணைத்த வணிக முஸ்லிம் உலகின் பின்னணியில் வைத்து நோக்கப்பட வேண்டியவை. கடலோடும் கணவன் எப்போது திரும்புவான் என்பது நிச்சயமில்லாத சமூகங்களில், வீடு பெண்ணின் பெயரில் இருப்பது வெறும் மரபு மட்டுமன்று, நல்ல கணக்குமாகும்.

முக்குவச் சட்டத்தின் மரபுரிமை விதிகளைக் கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876இல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் இயற்றப்பட்ட 15ஆம் இலக்க மரபுரிமைக் கட்டளைச் சட்டம் தமிழரிடையே அவ்விதிகளின் நடைமுறை வலுவைப் போக்கிற்று. முஸ்லிம்கள் அச்சட்டத்துக்குப் புறம்பானவர்கள். அவர்தம் இறப்புரிமை இஸ்லாமியச் சட்டத்தின் வழிச் செல்லும் என்பது 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் உறுதிப்படுத்தப்பட்டது. அச்சட்டப்படி மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. ஆயினும் கல்முனைக் கரையின் முஸ்லிம்கள் அவ்விதியோடு முரண்படாமலே தம் வழக்கத்தைக் காப்பாற்றிக்கொண்டனர். வீடும் வளவும், வசதியுள்ள போடியார் குடும்பங்களில் வயற்காணியும், தகப்பன் உயிரோடிருக்கும்போதே திருமண நன்கொடையாக மகளுக்கு எழுதப்பட்டன. இறந்தபின் பங்கிடுவதற்கு எஞ்சியது சிறிதே. மார்க்கச் சட்டத்தையும் தாய்வழி மரபையும் ஒரே வளவுக்குள் மோதாமல் இருத்திய இத்திறமை சட்ட வரலாற்று மாணவர் ஆழ்ந்து நோக்கற்பாலது.

அக்கரைப்பற்றில் 1969 முதல் கள ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இவ்வமைப்பை விரிவாக ஆராய்ந்து 2008இல் பெருநூலொன்றை வெளியிட்டார். அவருடைய எழுத்துகளைப் படிப்போர் இங்கு பெண்ணாட்சி நிலவிற்று என்று அவசரப்பட்டு முடிவு செய்தல் ஆகாது. குடி தாய்வழியே செல்லும்; ஆனால் அக்குடிக்காகப் பள்ளிவாசல் நிருவாகத்தில் அமரும் மரைக்கார் ஆணே. வீடு பெண்ணுக்குரியது, ஆனால் வீட்டோடு கைக்கூலியும் கேட்டுப் பேரம் பேசுவோர் மாப்பிள்ளை வீட்டு ஆண்கள். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்கீழ்ப் பதிவேட்டில் மணமகனும் பெண்ணின் வொலியும் ஒப்பமிட்டாற் போதும். மணப்பெண்ணின் கையொப்பம் வேண்டப்படவில்லை. திருமணத்துக்கு வீடு கொண்டுவருபவள் அத்திருமணத்தின் பதிவேட்டில் எழுத்தாக இல்லை. சொத்துரிமை வேறு, அதிகாரம் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

எனினும் சொத்துரிமை ஒன்றுமில்லாததன்று. மணமுறிவு நேரும்போது வீட்டை விட்டு வெளியேறுபவன் கணவனே. பெண்ணும் பிள்ளைகளும் இருந்த இடத்திலேயே இருப்பர். அயல் வேலிக்குள் உம்மா இருப்பார். தென்னாசியாவின் பெரும்பகுதியில் மணமுறிந்த பெண்ணின் முதற் கேள்வி எங்கே போவது என்பது. இக்கரையில் அக்கேள்வி எழுவதில்லை.

பெண்களின் உழைப்பும் இவ்வளவுகளுக்குள்ளேதான் நடைபெற்றது. பன் பறித்துப் பாய் இழைத்தல், நெல் அவித்தல், கைத்தறிக்குப் பெயர்பெற்ற மருதமுனையில் நூல் சுற்றலும் நெசவும் ஆகியவற்றால் வந்த வருவாய் குடும்பக் கணக்கில் முக்கிய இடம் பெற்றது. ஆனால் தறியும் பாயும் வீட்டுக்குள் இருந்தமையால் அவை 'வேலை' என்று பெயர் பெறவில்லை. வேலைக்குப் போதல் என்றால் வெளியே போதல். சொக்கலேற் தொழிற்சாலைக்குப் போன லூசிதான் வேலை செய்தாள்; அதற்கு முன் ஆண்டு முழுதும் சமைத்த லூசி சும்மா இருந்தாள் என்ற அதே கணக்கே இங்கும்.

அரசின் கணக்கு இதனினும் குறுகியது. 1949இல் நிறுவப்பட்ட கல்லோயா அபிவிருத்திச் சபையின் குடியேற்றத் திட்டத்தில் காணிகள் குடும்பத் தலைவர்களுக்கு வழங்கப்பட்டன. அரசின் அகராதியிற் குடும்பத் தலைவர் என்றால் ஆண். முடிக்குரிய காணிகளை ஆண்ட 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், பெயர் குறிக்கப்பட்ட வாரிசு இல்லாதவிடத்து ஆண் உறவினரை முன்னிறுத்தியது. இப்பாகுபாட்டை நீக்கும் திருத்தம் 2022இலேயே நிறைவேறியது. ஆகவே ஒரே குடும்பத்தில் கரையோர வீடு தாயிடமிருந்து மகளுக்கும், கல்லோயாக் காணி தகப்பனிடமிருந்து மகனுக்கும் செல்லும் இரட்டை நிலை தோன்றிற்று. வீட்டுக்குத் தலைவர் யார் என்ற வினாவுக்கு வளவு ஒரு விடையும் கச்சேரி வேறொரு விடையும் கூறின.

தொலைக்காட்சி இலங்கைக்கு வந்தது 1979 ஏப்பிரல் 13ஆம் நாள். தேசிய ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15ஆம் நாள் தொடங்கிற்று. அதற்கு முன் தமிழரும் முஸ்லிம்களும் நகைச்சுவைத் தொடர் என்று அறிந்தது வானொலி வழியே. 'மரைக்கார்' ராமதாஸ் முஸ்லிம் பாத்திரமேற்றுப் பேசிய பேச்சு வீடுதோறும் சிரிப்பூட்டிற்று. அவ்வானொலித் தொடர் 1976இல் 'கோமாளிகள்' என்னும் திரைப்படமாகவும் வந்தது. வானொலியிலிருந்து தொலைக்காட்சிக்கு மாறிய இக்காலமே பெண்கள் மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகப் புறப்பட்ட காலமும் ஆகும். இது தற்செயல் ஒற்றுமை அன்று. 1973-74இல் எண்ணெய் விலை உயர்ந்தமை வளைகுடா வீடுகளிற் செல்வத்தைப் பெருக்கிற்று. 1977இல் இலங்கைப் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டமை ஆட்களையும் பொருட்களையும் எல்லை கடக்கச் செய்தது. 1983இன் பின் மூண்ட போர், குறிப்பாக 1990இன் வன்செயல்கள், மேற்கேயுள்ள வயல்களுக்கு முஸ்லிம் விவசாயிகள் செல்வதைத் தடுத்தன. வயலுக்குப் போக முடியாத கணவன் வீட்டில் இருந்தான். மனைவி கடல் கடந்தாள்.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் உருவாயிற்று. 1990களின் நடுப்பகுதியில் நாட்டிலிருந்து வேலைக்குச் சென்றோரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் பெண்கள். அவர்களிற் பெரும்பாலோர் வீட்டுப் பணிப்பெண்கள். அவர்கள் திரும்பும்போது கொண்டுவந்த தங்கம், கசெற் றெக்கோடர் ஆகியவற்றோடு தொலைக்காட்சிப் பெட்டியும் ஒன்று. கரையோர வீடுகள் பலவற்றில் முதன்முதல் ஒளிர்ந்த திரை, வேலைக்குப் போன பெண்ணொருத்தியின் ஊதியத்தில் வாங்கப்பட்டதே. அத்திரையிற் பின்னாளிற் பெண் வேலைக்குப் போவதை நகைப்புக்குரியதாகக் காட்டிய தொடர்கள் வந்தபோது அவ்வீட்டுப் பெண்கள் எவ்வாறு சிரித்தனர் என்பதை எவரும் எழுதிவைக்கவில்லை.

இங்கு ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. தென்மேற்குக் கரையிலுள்ள சிங்களக் கிராமமொன்றை ஆராய்ந்து மிஷேல் கம்பர்ட் 2000இல் வெளியிட்ட நூல், மனைவியர் வளைகுடா சென்றபின் ஆண்களின் நிலை என்னவாயிற்று என்பதை நுணுகி நோக்குகிறது. சிலர் சமையலையும் பிள்ளை வளர்ப்பையும் ஏற்று ஊராரின் கேலியைத் தாங்கினர். வேறு சிலர் மதுவில் ஆழ்ந்தனர். ஏற்றோராயினும் வீழ்ந்தோராயினும் அவர்கள் 'ஐ லவ் லூசி'யின் சமையலறைக்குள் தள்ளப்பட்டவர்களே. கல்முனைக் கரையில் பொதுவாக அச்சமையலறைக் காட்சியே நிகழவில்லை. மனைவி புறப்பட்ட மறுநாள் அடுப்பை மூட்டியவர் உம்மா. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியவள் தங்கச்சி. தாய்வழி வளவின் பெண்கள் இடைவெளியை உடனே நிரப்பிக்கொண்டனர். மனைவியின் வீட்டில் மாப்பிள்ளை என்றும் உபசரிக்கப்படும் விருந்தாளி. விருந்தாளியைப் பானை கழுவச் சொல்லும் வழக்கம் எங்கும் இல்லை. எனவே பெண் உழைப்பாளியானாள். ஆண் இல்லத்தரசன் ஆகவில்லை. பங்கு மாற்றத்தின் பாதியே நடைபெற்றது. பெண்ணை வெளியே அனுப்புவதற்கு வசதி செய்த அதே அமைப்பு, ஆணை உள்ளே வராமற் காத்தது எனின் பிழையாகாது. இச்சுமையின் பெரும்பகுதி மூத்த பெண்களின் தோளில் விழுந்தமை கணக்கில் வராமலே போயிற்று.

ஊதியத்தின் நோக்கமும் கவனிக்கத்தக்கது. சென்ற பெண்களுட் பலர் தமக்கோ, தம் மகளுக்கோ, தங்கைக்கோ வீடு கட்டுவதற்காகவே சென்றனர். முன்னர் தகப்பனும் சகோதரரும் சுமந்த சீதன வீட்டுப் பொறுப்பு இவ்வாறு பெண்ணின் தலைக்கு மாறிற்று. தனக்குரிய சீதனத்தைத் தானே சம்பாதிக்கும் பெண்ணைப் பற்றி எந்த நகைச்சுவைத் தொடரும் இதுவரை எடுக்கப்பட்டதாகத் தெரியவில்லை. திருகோணமலை மாவட்டத்து மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் இளவயதிற் சவூதி அரேபியா சென்று, தன் பொறுப்பிலிருந்த குழந்தையின் மரணம் தொடர்பாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 2013 ஜனவரி 9ஆம் நாள் மரணதண்டனைக்கு உள்ளானமை, இவ்வழியில் இறைக்கப்பட்ட விலையை நாடு முழுதும் உணர்த்திற்று. அவளும் வறுமையில் வாடிய கிழக்குக் குடும்பமொன்றின் உழைப்பாளியாகவே புறப்பட்டாள். அதே ஆண்டில் அரசு ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளையுடைய தாய்மார் பணிப்பெண்களாகச் செல்வதைக் கட்டுப்படுத்திற்று. தாயின் குடும்பப் பின்னணி அறிக்கையாகக் கேட்கப்பட்டது. தகப்பனிடம் அவ்வாறு எவரும் கேட்கவில்லை.

2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாட்டிலேயே மிகுதியான உயிர்களைக் காவுகொண்டது அம்பாறை மாவட்டத்திலாகும். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய இடங்களின் கடற்புற வளவுகள் அழிந்தன. தலைமுறை தலைமுறையாகத் தாயிடமிருந்து மகளுக்குக் கைமாறிய வீடுகள் ஒரு முற்பகலில் இல்லாமற்போயின. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றர் தூரத்துக்குள் மீளக் கட்டலாகாது என்று அரசு முதலில் விதித்தமையால், பெண்கள் இழந்தது வீட்டை மட்டுமன்று. அது நின்ற நிலத்தையும்தான். மாற்று வீடுகள் வழங்கப்பட்டபோது பழைய அகராதி மீண்டும் திறக்கப்பட்டது. உறுதியில் எழுதப்பட வேண்டிய பெயர் குடும்பத் தலைவரின் பெயர். சீதன உறுதியில் இருந்த மனைவியின் பெயருக்குப் பதிலாகக் கணவனின் பெயர் புதிய பத்திரங்களில் ஏறலாயிற்று. பல நூற்றாண்டுகளாக எந்த மன்னனும், எந்தக் கட்டளைச் சட்டமும் இக்கரையிற் செய்யாததை ஒரு நிவாரணப் படிவம் செய்தது. கிழக்கின் பெண்கள் அமைப்புகள் இதனை எதிர்த்துக் குரலெழுப்பின. மக்கில்வ்ரேயும் பற்றீசியா லோறன்சும் 2010இல் வெளியிட்ட கட்டுரை, சீதன வீட்டுக்கான நாட்டம் பேரழிவின் பின்னும் எவ்வாறு நிலைத்தது என்பதைப் பதிவு செய்தது. சவூதி அரசின் உதவியோடு அக்கரைப்பற்று நுரைச்சோலையில் எழுந்த 500 வீடுகளோ, யாருக்கு எவ்விகிதத்தில் என்ற வழக்கிற் சிக்கிப் பல்லாண்டுகள் ஆளின்றிக் கிடந்தன.

நிலத்தட்டுப்பாடு மிகுந்த இவ்வூர்களில் மாடிக் குடியிருப்புகளும் கட்டப்பட்டன. அவற்றைத் திட்டமிட்டோர் ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு என்று கணக்கிட்டனர். மூத்த மகளுக்கு அவ்வீட்டைக் கொடுத்தபின் பெற்றோர் ஒதுங்குவதற்கும், இளைய மகளுக்கென ஓர் அத்திவாரம் இடுவதற்கும் மாடியில் வளவு இல்லை.